மூச்சுக்கு மேலே வரும் நேரம்

தலையணையில் மிங்க் திமிங்கிலத்தின் மூச்சு நாறியது. புதன்கிழமை காலையில் ஹில்துர் உறையை உருவிச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டாள். வியாழக்கிழமை மறுபடியும் அதே நாற்றம்.

நாற்றத்துக்கெல்லாம் மூக்கைச் சுளிக்கிறவள் இல்லை அவள். மரச்சட்டங்களில் தொங்கிக் காய்கிற காட் மீன், துறைமுகத்து டீசல், வெயிலில் வெந்து கிடக்கும் கடற்பாசி, இவையெல்லாம் அந்த வடகோடித் தீவில் பிறந்தவர்களுக்கு நாற்றத்திலேயே சேர்த்தி இல்லை. இது வேறு. அழுகின முட்டைக்கோஸை நாள்பட்ட மீனோடு மூடிவைத்துத் திறந்த மாதிரி, சூடாக, ஈரமாக, உயிருள்ள ஒன்றின் உள்ளேயிருந்து வருகிற நாற்றம். கல்யாணமான புதிதில் இரண்டு கோடைகள் அவள் கணவன் ஆர்வித்தின் படகில் சமையலுக்குப் போயிருக்கிறாள். பனிமூட்டத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபோது முதலில் இந்த நாற்றம்தான் வரும். வந்ததும் படகில் பேச்சு நின்றுவிடும். ஆர்வித் கையிலிருக்கும் காபியைக் கீழே வைத்துவிட்டு, படகின் முகப்பில் இருக்கும் ஈட்டித் துப்பாக்கியை நோக்கி ஓசையில்லாமல் நடப்பான். திமிங்கிலம் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது அது மாடிப் படுக்கையறையில், ஆர்வித் படுக்கும் பக்கம் இருந்தது.

அவன் செவ்வாய்க்கிழமைதான் கரைக்கு வந்திருந்தான். மூன்று வாரம் வடகடலில் கிடந்து, படகு நிறைய இறைச்சியோடு திரும்பியிருந்தான். படகு அவனுடையது, சுடுகிறவனும் அவனே. திங்கட்கிழமை மறுபடி கிளம்பவேண்டும். வந்தான், குளித்தான், உருளைக்கிழங்கும் மீனும் சாப்பிட்டான், படுத்தான். எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது, குறட்டையைத் தவிர.

இருபத்தாறு வருடமாக அந்தக் குறட்டையைத் திட்டிக்கொண்டே தூங்கிப் பழகியவள், வியாழன் இரவு அது இல்லாததால் விழித்துக்கொண்டாள். இரவு என்பது பேச்சுக்குத்தான். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் இறங்குவதே இல்லை. கறுப்புத் திரையின் ஓரத்தில் கசிந்த வெளிச்சம் வெள்ளைக் கோடாகக் கட்டிலின் குறுக்கே விழுந்து, அவன் மார்பின்மேல் கிடந்தது. அந்தக் கோடு அசையவில்லை. வெளியே ஏதோ ஒரு கடற்காக்கை கத்தி ஓய்ந்தது, கூரைத் தகடு வெயிலில் விரிந்து சடக்கென்றது, கீழே சமையலறைக் குளிர்பெட்டி உறுமி நின்றது. இத்தனை சத்தமும் அவள் காதில் விழுந்தது, பக்கத்தில் படுத்திருக்கிறவனின் மூச்சு மட்டும் விழவில்லை. கடிகாரத்தின் சிவப்பு எண்கள் இரண்டு பத்து என்றன. இரண்டு பன்னிரண்டு. அவனை உலுக்கலாம் என்று கையை நீட்டினாள். அப்போது அவன் உடம்பு முழுவதும் ஒரு முறை எழும்பி, மூக்கு வழியாகக் காற்று பீறிட்டு வந்தது. மூன்று முறை. அடுத்தடுத்து. நாற்றம் அவள் முகத்தில் அடித்தது. பிறகு வெள்ளைக் கோடு மறுபடி அசையாமல் கிடந்தது.

அடுத்த மூச்சு ஏழு நிமிடம் கழித்து வந்தது.

காலையில் காபியை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "ராத்திரி உனக்கு மூச்சு நின்னு நின்னு வருது, ஆர்வித்."

"தூங்கிட்டிருந்தேன்."

"ஏழு நிமிஷம். கடிகாரத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"பார்க்காதே," என்றான்.

அவன் அதட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு அதட்டியிருப்பாள். கெஞ்சினான். அந்த ஆறடி மூன்றங்குல மனிதன் எதற்கும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். காபியை ஊதாமல் குடித்தான். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அவன் மூச்சு இழுக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். கவனித்த பிறகு வேறெதையும் கவனிக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து விரிகுடாவில் சுற்றுலாப் படகின் இயந்திரச் சத்தம் கேட்டது. காலையில் அந்தப் படகில் போய்த் திமிங்கிலத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டுவிட்டு, சாயங்காலம் துறைமுக உணவகத்தில் உட்கார்ந்து அதையே வெங்காயத்தோடு வறுத்துத் தின்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த காலம் அது. ஆர்வித்தின் கழுத்து தோள்களுக்குள் இறங்கியது. உதடுகள் ஒட்டிக்கொண்டன. சத்தம் முனையைத் தாண்டி மறையும்வரை அவன் கண்கூட இமைக்கவில்லை. பிறகு எழுந்து பின்பக்கம் போனான். ஹில்துர் சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்தாள். விறகுக் கொட்டகைக்குப் பின்னால் குனிந்து, நாலா பக்கமும் பார்த்து, தலையை மட்டும் உயர்த்தி மூன்று முறை மூச்சு விட்டான். விட்டதும் யாரோ அடிக்க வருகிற மாதிரி சட்டென்று கீழே பதுங்கினான்.

அவள் நேராகத் துறைமுகத்துக்குப் போனாள். ஆர்வித்தின் படகில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கும் ஓத்வார், ரப்பர் குழாயைப் பிடித்துத் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்ன ஹில்துர், மூணு வாரம் கழிச்சு வந்த புருஷனை விட்டுட்டு என்னைத் தேடி வந்திருக்கே? அவனுக்கு அவ்வளவுதான் தெம்பா?"

"ஓத்வார், அவன் மூச்சு விட மாட்டேங்கறான்."

ஓத்வார் சிரிக்க வாயைத் திறந்தான். சிரிக்கவில்லை. குழாயை மூடிவிட்டு வந்து படகின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அவன் உங்கிட்ட சொல்லலையா?"

"என்னத்தை?"

"கடைசிக்கு முந்தின திமிங்கிலம். பெட்டை. நாம பிடிக்கறதுல பாதிக்கு மேல பெட்டைதான், வயித்துல குட்டியோட, உனக்குத் தெரியாததா. ஈட்டி ஒரு சாண் பின்னால இறங்கிடுச்சு. குண்டு உள்ள வெடிச்சுது, ஆனா வெடிக்கவேண்டிய இடத்துல வெடிக்கல. சரின்னு ரைஃபிளை எடுத்தான். மூச்சுக்கு மேல வந்தா மண்டையில ஒண்ணு, முடிஞ்சுது. மேல வந்துதானே ஆகணும்? அதை வச்சுதானே நம்ம பொழப்பே ஓடுது."

"வந்துச்சா?"

"ரெண்டு தடவை வந்துச்சு. ரெண்டு தடவையும் பட்டுது, சரியாப் படல. அப்புறம் வரல." அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். "தண்ணி கண்ணாடி மாதிரி கிடந்துச்சு, ஹில்துர். அடியில அது நிக்கறது நல்லாத் தெரியுது. அண்ணாந்து எங்களையே பார்த்துக்கிட்டு நிக்குது. கயிறு நேரா கீழ போகுது. பத்து நிமிஷம். இருபது. மிங்குக்கு அதுக்கு மேல தாங்காது, தெரியுமில்ல? இவன் ரைஃபிளை இறக்கவே இல்ல. அது வரவே இல்ல. கடைசியில வயிறு மேல தெரியறாப்புல மிதந்து வந்துச்சு."

"செத்துப்போயா?"

"மூச்சை அடக்கியே செத்துப் போச்சு. மேல வந்தா என்ன நடக்கும்னு அதுக்குப் புரிஞ்சுபோச்சு, எழவு."

"அரசாங்கத்துக்குக் குடுக்கற பாரத்துல என்ன எழுதினீங்க?"

"எல்லாத்துக்கும் எழுதறதைத்தான். உடனே செத்துதுன்னு."

ஹில்துருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஊர்க்கூட்டத்தில் வெளியூர்க்காரர்கள் கொலைகாரர்கள் என்று கத்தும்போதெல்லாம் ஆர்வித் எழுந்து நின்று பேசுவான்: உங்கள் பன்றி ஒரு நாளாவது வானத்தைப் பார்த்திருக்கிறதா, நான் சுடுகிறது சாகிற நிமிடம்வரை தன் இஷ்டத்துக்கு நீந்தியது, ஒரு நொடியில் செத்தது. அவள் முதல் ஆளாகக் கை தட்டியிருக்கிறாள். அவன் பொய் சொல்கிறவனும் இல்லை, பெரும்பாலும் அது ஒரு நொடிதான். பெரும்பாலும் என்ற வார்த்தையை யாரும் அழுத்திச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. அந்த இறைச்சியில் பாதி இப்போது நாய்த் தீனிக்குப் போகிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை இடைவெளி பன்னிரண்டு நிமிடமானது. அவன் உதடுகள் நாவல்பழம் தின்றவன் உதடுபோல் ஆகிவிட்டன. அவசர எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்த தாதி போனை ஆர்வித்திடம் கொடுக்கச் சொன்னாள். அவன் போனை வாங்கி, "எனக்கு ஒண்ணுமில்ல. இவ சும்மா பயப்படறா," என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். மனப் பதற்றமாக இருக்கும், மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள் என்றாள் தாதி. ஹில்துருக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான் உன் பொண்டாட்டி, ஆர்வித். என் முன்னால மூச்சு விட்டா என்ன ஆயிடும்?"

அவன் அவளைப் பார்த்தான். "அது காத்துக்கிட்டிருக்கு," என்றான்.

"எது?"

பதில் சொல்ல மூச்சு வேண்டும். அவன் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் அவன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தரையில் மல்லாந்து கிடப்பதைக் கண்டாள். அசைந்தால் காற்று செலவாகும் என்பதுபோல் கைகளை விலாவோடு ஒட்டவைத்திருந்தான். மூச்சு இல்லை. அவள் மறுபடி போன் போட்டுக் கதறினாள். இந்த முறை நம்பினார்கள். ஆம்புலன்ஸ் படகு கிளம்பிவிட்டது, இருபத்தைந்து நிமிடத்தில் வந்துவிடும் என்றார்கள்.

அவள் அவன் தலைமாட்டில் நின்றாள். வாயைப் பிளக்கப் பார்த்தாள். தாடை இரும்பாக இறுகியிருந்தது. மூக்கில் ஊதிப் பார்த்தாள். காற்று உள்ளே போகவில்லை. எட்டு நிமிடம். பதினொன்று. அறை முழுக்க அந்த முட்டைக்கோஸ் நாற்றம். திரை காற்றில் ஆடாமல் தொங்கியது. பதினாறு. அவன் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. கண்கள் மட்டும் திறந்திருந்தன. உயிரோடிருந்தன.

"மூச்சு விடு. கடவுளே. ஒரே ஒரு தடவை விடு, ஆர்வித்."

பதினெட்டு.

தூரத்தில் இயந்திரச் சத்தம். ஆம்புலன்ஸ் படகு முனையைத் திரும்பிவிட்டது. காப்பாற்ற வருகிற சத்தம்தான். ஆனாலும் அதைக் கேட்டதும் அவன் உடம்பு இன்னும் கீழே போக இடம் தேடுவதுபோல் தரையோடு அழுந்தியது.

அவன் கண்கள் போகிற இடத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள். அவை நேராக மேலே, அவளைப் பார்த்தன. சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பாக நிற்கிற ஒரு உருவம். மேலே நிற்கிறது. கீழே பார்க்கிறது. நகரமாட்டேன் என்கிறது. எப்போது மூச்சு விடுவான் என்று காத்திருக்கிறது.

நான்தான் என்று நினைத்தாள். இத்தனை நாளும் இவன் பயந்தது என்னைப் பார்த்துத்தான். அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது, ஏனென்றால் செய்யவேண்டியது இவ்வளவுதான்.

பின்பக்கமாகவே நடந்து அறையைவிட்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நான் போயிட்டேன். யாரும் பார்க்கல. இங்க யாருமே இல்ல, ஆர்வித். சத்தியமாச் சொல்றேன். மேல வா."

ஒன்றும் கேட்கவில்லை.

"வா, என் ராஜா. நான் சொல்றேன்ல. நம்பு."

கேட்டது.

முதல் மூச்சு. பெரிய மூச்சு. கதவின் கீழிருந்து சூடாக அவள் கால்விரல்களில் பட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

இரண்டாவது.

மூன்றாவது வரவில்லை.

தொம்மென்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. வெளியே வர வழியில்லாமல் சதைக்குள்ளேயே வெடிக்கிற சத்தம். கீழே அலமாரியில் கோப்பைகள் கிலுங்கின. இரண்டு கோடைகள் படகில் கேட்ட ஈட்டிக் குண்டின் சத்தம் அது. சமையல் மேடையில் கை வைத்திருக்கும்போது படகின் பலகை வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும்.

கதவைத் திறந்தாள்.

அறையில் யாரும் இல்லை. அவன் மட்டும். ரத்தம் இல்லை. காயம் இல்லை. கண்ணாடி உடையவில்லை. அவன் மல்லாந்து கிடந்தான், ஆனால் சுவரோரத்தில் இல்லை. விலாப்பக்கத்தில் அவன் பனியன் கூடாரம்போல் ஒரு முனையாக எழும்பி நின்றது, உள்ளேயிருந்து எதுவோ கொக்கி போட்டு இழுக்கிற மாதிரி. சன்னலை நோக்கி.

ஒரு சாண் நகர்ந்தான். நின்றான். மறுபடி ஒரு சாண். குதிகால்கள் விரிப்பைச் சுருட்டிக்கொண்டே போயின. யாரோ அவசரமில்லாமல், பழகின கையால், கயிறு சுற்றுகிறார்கள்.

அவன் சாகவில்லை. கண்கள் அவளைத் தேடிப் பிடித்தன. வாயை மறுபடி இறுக்கி மூடியிருந்தான்.

கீழே படகு கரையைத் தொட்டது. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு சாண். கத்தவேண்டும். மேலே வாருங்கள் என்று கத்தவேண்டும். கத்த வேண்டுமென்றால் முதலில் மூச்சை இழுக்கவேண்டும். ஆர்வித்தின் கண்கள் வேண்டாம் வேண்டாம் என்றன. அவளுக்குப் பின்னால், படிக்கட்டின் மேலே, எதுவோ அசையாமல் நிற்பது முதுகில் தெரிந்தது.

ஹில்துர் இரண்டு கைகளாலும் தன் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள்.