தாழ்ந்த விளிம்பு

அன்று மாலை சோதனைத் தொட்டியருகே இருந்தவர்கள் நான்கு பேர்: படகுப் பட்டறையின் பெரியவர், அவருடைய தம்பி மனைவி, மேஸ்திரி, இன்சூரன்ஸ் அதிகாரி. ஐந்தாவதாக ஒருவரும் இல்லை.

தொட்டியில் தம்பியின் சிறிய மோட்டார் படகு கிடந்தது. ஏரியில் படகுக்குள் அலை புகுந்து தம்பி காணாமல் போன பிறகு, தண்ணீர் நிறைந்தபடியே கரை ஒதுங்கிய படகு. அது மூழ்கிப்போய்த்தான் ஆளைக் கொன்றது என்று ஊர் பேசியது. இந்தப் பட்டறையின் படகு ஒன்றுகூட மூழ்கியதில்லை. அதைக் கண்ணெதிரே காட்டப் பெரியவர் வந்திருந்தார்.

மேஸ்திரி குழாயைத் திறந்து படகுக்குள் தண்ணீர் விட்டார். "அடியில அடைச்ச ஃபோம் ஒரு சொட்டு குடிக்காது சார். தளும்ப நெறஞ்சாலும் மெதக்கும். வேணும்னா ஏறி உக்காருங்க."

"அட போப்பா, எனக்கே இன்சூரன்ஸ் கிடையாது" என்றார் அதிகாரி.

படகு நிறைந்தது. மிதந்தது. ஆனால் இடது விளிம்பு சற்றே தாழ்ந்திருந்தது.

"அந்தப் பக்கம் ஃபோம் ஊறியிருக்கும்" என்றார் அதிகாரி.

"ஊறாது" என்றார் பெரியவர். வலப்பக்கம் எடைக்கல் வைக்கச் சொன்னார். வைத்தும் இடது விளிம்பு எழவில்லை. பிசினின் காரநெடி மூக்கை அடைக்க, கூரைத் தகரம் வெயில் தணிந்து படபடவென்று சுருங்க, குழாயை மூடிய பிறகும் எங்கிருந்தோ தண்ணீர் சொட்டும் ஓசை கேட்க, காற்றே இல்லாத அந்தக் கொட்டகையில் படகு தானாக மெல்லத் திரும்பியது. தாழ்ந்த விளிம்பு பெரியவர் நின்ற பக்கம் வந்து நின்றது.

தம்பி மனைவி அன்றுதான் முதல்முறையாக வாய் திறந்தாள். "அவருக்கு நல்லா நீச்சல் தெரியும் மாமா. கரையும் பக்கத்துலதான். ஏன் நீந்தி வரல?"

"நம்ம படகை நாமே விட்டுட்டு நீந்தி வந்தா, நாலு பேர் காறித் துப்ப மாட்டாங்களாம்மா? என்ன ஆனாலும் விளிம்பை விடாதேன்னு அவன்கிட்ட சொல்லித்தான் அனுப்புவேன்."

"அவர் உங்க பேச்சைத் தட்டினதே இல்ல."

பெரியவர் குனிந்தார். தாழ்ந்த விளிம்பில் ஈரம். விளிம்பின் மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தது. ஈரம் பட்டை பட்டையாக. நான்கு. தள்ளி இன்னும் நான்கு. விரல் அகலம்.

மேஸ்திரி பின்வாங்கினார். "ஐயா, தண்ணிய எறக்கிடலாமா?"

இறக்கினால் அடியில் இருப்பது தெரியும்.

"வேண்டாம்."

விளிம்பு இன்னும் கொஞ்சம் இறங்கியது. சொட்டும் ஓசை நின்றது. யாரோ மூச்சு வாங்கினார்கள். அது தம்பி மனைவி இல்லை. மேஸ்திரி இல்லை. அதிகாரி எப்போதோ வாசலுக்குப் போயிருந்தார்.

சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து.

சோதனையில் படகு மூழ்கிவிட்டது, அந்த அவமானத்தில்தான் பெரியவர் கொட்டகையைப் பூட்டினார் என்று ஊரில் சொல்கிறார்கள். அது பொய். படகு மூழ்கவில்லை. பூட்டிய கொட்டகைக்குள் இன்றும் மிதக்கிறது, ஒரு பக்கம் தாழ்ந்து. விளிம்பு இன்னும் காயவில்லை.