உத்திராபதி பேரில் திறக்கும் பூட்டு

எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். பஸ்ஸில் கம்பியைக்கூடத் தொட மாட்டேன். கைப்பையில் டெட்டால் நனைத்த துணி ஒன்று எப்போதும் இருக்கும். அப்படிப்பட்ட என்னைத்தான், திருச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்த புதிதில், 2005 மே மாதம் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை ஆபீசுக்கு அனுப்பினார்கள். சீனியர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவிவிட, இளிச்சவாய் நான் அகப்பட்டேன்.

ரெட்டிபாளையம் தாண்டி இறங்கியபோது உச்சி வெயில். சாலையோரக் கருவேல மரங்கள்கூட வெள்ளைத் தூசி பூசிக்கொண்டு நின்றன. கணக்குப் பிரிவு அதிகாரி தமிழழகன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மத்த சைட்டெல்லாம் வருதும்மா. பூட்டுப் படம் போட்டு வருமே பேங்க் சைட்டு, அது மட்டும் வரல. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுக்கலைன்னா உங்க கான்ட்ராக்ட ரத்து பண்ணிடுவேன்."

கான்ட்ராக்ட் போனால் முதலில் போவது என் வேலை. அதை மேனேஜர் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த ஆபீசில் எல்லாருடைய இன்டர்நெட்டும் பிராக்ஸி சர்வர் என்ற ஒரே பெட்டி வழியாகத்தான் போகும். நாம் கேட்பதை நமக்குப் பதிலாக வெளியே போய்க் கேட்டு வாங்கி வரும் ஆள் மாதிரி அது. அந்தப் பெட்டி இருந்த அறைக்கு டைப்பிஸ்ட் புவனேஸ்வரி என்னைக் கூட்டிப்போனாள். கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே வரவில்லை.

நாற்றம் முகத்தில் அறைந்தது.

ஊறிப்போன வெற்றிலை, புகையிலை, எச்சில். ஏசிக் குளிரில் அது அப்படியே தேங்கிக் கிடந்தது. சர்வருக்குப் பின்சுவரெல்லாம் சிவப்பு வழிசல். கீபோர்டின் சந்துகளில் ஏதோ காய்ந்து பொருக்கு தட்டியிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"சீ! இதத் தொடைக்க ஆளே இல்லையா?"

"தொடைச்சாலும் மறுநா வந்துடுது மேடம்," என்றாள் மெல்ல. "உத்திராபதி சார் சீட்டு இது, அவருதான் இந்தப் பெட்டியப் பாத்துக்கிட்டாரு. ஓயாம வெத்தல போடுவாரு. போன தை மாசம் ஒருநா மேசையில கவுந்து கெடந்தாரு, வாயெல்லாம் செவப்பு. வெத்தலச் சாறுதானேன்னு யாரும் கிட்டப் போகல. அருவருப்பா இருந்துச்சு. சாயங்காலம் பெருக்க வந்த அம்மா தொட்டுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, ரத்த வாந்தின்னு."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது அருவருப்புதான்.

நாற்காலியில் டெட்டால் துணியை விரித்து உட்கார்ந்தேன். கோளாறு சீக்கிரமே பிடிபட்டது. பூட்டுப் போட்ட தளங்களுக்குப் போக உத்திராபதி ஒருவர் பேருக்குத்தான் அனுமதி. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்களே, அப்படி அவர் போன பிறகும் ஆபீஸ் முழுக்க அவர் பேரையும் பாஸ்வேர்டையும் போட்டே வேலையை ஓட்டியிருக்கிறது. போன வாரத்திலிருந்து அந்தப் பேரையும் பெட்டி ஏற்கவில்லை. வேறு பேர் கேட்டது.

தமிழழகன் பேருக்கு அனுமதி கொடுத்துப் பார்த்தேன். மறுத்தது.

புவனேஸ்வரி பேருக்குக் கொடுத்தேன். மறுத்தது.

பேர் கேட்கும் கட்டம் மட்டும் திரும்பத் திரும்ப வந்து நின்றது.

விரலில் ஏதோ பிசுபிசுத்தது. கீபோர்டில் காய்ந்து கிடந்தது இப்போது ஈரமாக இருந்தது.

பின்னால் யாரோ மெல்லும் சத்தம். ஈரமான, நிதானமான சத்தம்.

பின்கழுத்தில் புகையிலை மூச்சு பட்டது.

திரும்பவில்லை. திரும்பினால் எழுந்து ஓடிவிடுவேன், ஓடினால் வேலை போய்விடும். உத்திராபதி என்ற பேரை அழித்தேன். அதே இடத்தில் ஜெயசித்ரா என்று என் பேரை அடித்தேன்.

மெல்லும் சத்தம் நின்றது.

வங்கித் தளம் பளிச்சென்று திறந்தது. மூலையில் பூட்டுப் படம்.

"த்தூ."

என் புறங்கையில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது.

அலறிக்கொண்டு வெளியே ஓடினேன். குழாயடியில் தோல் உரியத் தேய்த்துக் கழுவினேன். டெட்டால் துணி அந்த நாற்காலியிலேயே கிடந்தது. எடுக்கப் போகவில்லை. தமிழழகனுக்கு ஒரே சந்தோஷம், டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். "உங்க பேரே இருந்துட்டுப் போவுது, விடுங்கம்மா," என்றார். மறுபடி அந்த அறைக்குள் போக வேண்டாமே என்று நானும் தலையாட்டிவிட்டேன். என் வேலை நிலைத்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓவர்டைம் வந்திருந்த புவனேஸ்வரி ஆபீசிலிருந்து என் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"அந்த ரூமு இப்ப ரொம்பச் சுத்தமா இருக்கு மேடம். எச்சியே இல்ல. உள்ள போனா டெட்டால் வாசந்தான்."

"நல்லதுதானே."

அவள் குரல் தாழ்ந்தது. "ஒரு பொம்பள அந்த நாற்காலியில உக்காந்து கையத் தொடைச்சுக்கிட்டே இருக்கு. பின்னாலேர்ந்து பாத்தா உங்க மாதிரியே இருக்கு. கூப்புட்டா திரும்ப மாட்டேங்குது. மேடம்... நீங்க வூட்லதான இருக்கீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கில் சுண்ணாம்பு எரிந்தது.

வாஷ்பேசினுக்கு ஓடித் துப்பினேன். சிவப்பு.

என் வாழ்நாளில் நான் வெற்றிலை போட்டதே இல்லை. மறுபடி துப்பினேன். இந்தத் தடவை கட்டியாக விழுந்தது. அம்மாவைக் கூப்பிடப் பார்த்தேன், குரல் எழவில்லை. சத்தம் கேட்டு அவளாகவே வந்து கதவோரம் எட்டிப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள், வாஷ்பேசினைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்துடி வெத்தல போடுற? கருமம், கழுவி வுடு," என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.