தரைக்கடியில் ஒரு இழுப்பு

துப்பாக்கியின் முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளினாள் ஹெல்மி. க்ளக்-ச்சக். சமையலறை ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்து அடங்கியது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, தரைப்பலகைக்கு அடியிலிருந்து அதே சத்தம் மெதுவாகக் கேட்டது.

எதிரொலி என்றுதான் நினைத்தாள். வெளியே ஏரிக்காற்று பனியை வாரிச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. குளிரில் மரவீடு முனகுவதும் பலகைகள் நெட்டி முறிப்பதும் வருஷா வருஷம் கேட்பதுதான். ஆனால் இந்த வீட்டில் எதிரொலி என்று ஒன்றை அவள் இதுவரை கேட்டதில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். அடியிலிருந்தும் இன்னொரு தடவை வந்தது.

அந்தத் துப்பாக்கியே அவளுக்கு எரிச்சல். சாலையோரத்துக் கோடைக்கால வீடுகளின் பூட்டை யாரோ உடைக்கிறார்கள் என்று பேச்சு எழுந்ததும், புருஷன் ரெய்னோ அவளை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி வந்து கதவுக்குப் பின்னால் சாத்திவைத்த பெரிய பம்ப் துப்பாக்கி அது. வாரம் முழுக்க மரலாரி ஓட்டிக்கொண்டு காட்டுச்சாலைகளில் கிடப்பவன் அவன். வீட்டில் தனியாக இருப்பவள் இவள். தோளில் பதிக்கும் கட்டை நீளமாக இருந்ததால் முன்பிடி அவள் கைக்குச் சரியாக எட்டவில்லை. கல்குவாரியில் ஒரு தடவை சுட்டுப் பார்த்ததற்குத் தோள்பட்டை நாவல்பழ நிறத்தில் கன்றிப்போனது. எனக்குத் தோதாக ஒன்று வாங்கலாம் என்று சொன்னால் அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"நீ சுடவே வேணாம்டி. அந்த இழுக்கிற சத்தத்தக் கேட்டாலே எவனா இருந்தாலும் ஓடிருவான்."

ஊரில் யாரைக் கேட்டாலும் இதே பாட்டு. தபால்காரன் சொன்னான், தேவாலயத்தில் காப்பி ஊற்றுகிறவள் சொன்னாள். துப்பாக்கியைக் கையில் பிடித்திராதவர்கள்கூடச் சொன்னார்கள்.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு டுவெயினின் கடைக்குப் போனாள். தூண்டில் புழுவும் தோட்டாவும் ஒரே மேஜையில் விற்கிற கடை. அவன் கட்டையின் அடியை அவள் முழங்கை மடிப்பில் வைத்து அளந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினான்.

"இத வச்சு நீங்க கதவுக்கு முட்டுதான் குடுக்கலாம்க்கா."

சிறிய குழாயும் குட்டைக் கட்டையுமாக ஒன்றை மாற்றிக்கொடுத்தான். எடுத்ததும் தோளில் வந்து உட்கார்ந்துகொண்டது. எப்போதும் குண்டு இருப்பதாகவே நினைத்துக் கையாளணும், சுடப்போகும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கணும், எதிரே நிற்பது யார், அதற்குப் பின்னால் என்ன என்று தெரியாமல் ஒருபோதும் சுடக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். தரைக்கடியில் கேட்ட சத்தத்தைச் சொன்னதற்கு மட்டும் சிரித்துவிட்டான். எலியாம்.

வீடு திரும்பும்போது நாலரைக்கே இருட்டிவிட்டிருந்தது. விளக்கைப் போட்டு, சமையலறை நடுவே நின்று, புதுத் துப்பாக்கியை இழுத்தாள். இதன் சத்தம் வேறு, மெலிசு. ஸ்பூன் கிடக்கிற இழுப்பறையைச் சாத்தியது போலிருந்தது.

அடியிலிருந்து பழைய சத்தம் வந்தது. கனத்த க்ளக்-ச்சக்.

ஹெல்மி அசையவில்லை. கீழே ஏதோ யோசிப்பது போல் ஒரு நிசப்தம். பிறகு பாதிச் சத்தம். தப்பு. இன்னொன்று, புதுச் சத்தத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில். பலகை இடுக்கு வழியே நனைந்த நாய்மயிர் நாற்றம் வெதுவெதுப்பாக ஏறி வந்தது. பிறகு, சரியாக, ஸ்பூன் இழுப்பறை.

ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். யாராவது உள்ளே வந்துவிட்டார்களா என்று போனை எடுத்த பெண் கேட்டாள். இல்லை, என் துப்பாக்கிச் சத்தத்தைப் போலவே யாரோ சத்தம் எழுப்புகிறார்கள் என்றாள் ஹெல்மி.  வீட்டில் உங்கள் கணவர் இருக்கிறாரா, அவரிடம் கொடுக்க முடியுமா என்று அந்தப் பெண் கேட்டதும் ஹெல்மி போனை வைத்துவிட்டாள். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெய்னோ வந்தான். இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டியைத் தின்றுகொண்டே, துப்பாக்கியை மாற்றியதற்கு முதலில் கத்தினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எழுந்து, துப்பாக்கி காலிதானா என்று பார்த்துவிட்டு, இழுத்தான். மறுபடி இழுத்தான். அடியில் ஒன்றுமில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, பயத்தால் அல்ல, ஆத்திரத்தால். ஒரே ஒரு தடவை, இவன் இருக்கும்போது கேட்டால் என்ன குறைந்துபோகும்?

"சரி, நானே கீழ போய்ப் பாக்குறேன். அப்புறம் இந்தப் பேச்சே வரக் கூடாது."

சமையலறைத் தரையிலிருந்த பலகைமூடியைத் தூக்கினான். கீழே மண்ணுக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஆள் தவழ்ந்து போகும் அளவுதான் இடம். டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினான். குளிர் ஏறாதிருக்க மூடியைச் சாத்தச் சொன்னான். அவள் சாத்திவிட்டு, தோட்டாக்களைப் போட்டு, குழாயை அடுப்புப் பக்கச் சுவரை நோக்கித் திருப்பி, விரலை விசைக்கு வெளியே வைத்து நின்றாள்.

அவன் தவழ்வது கேட்டது. பெல்ட் கொக்கி கல்லில் உரசுவது. ஒரு கெட்டவார்த்தை. அடுப்புக்கு அடியில் போனான். அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

காத்திருந்தாள்.

பிறகு மூடிக்கு நேர் கீழே இருமல்.

"ஒண்ணுமில்லடி. எலிகூட இல்ல. முட்டி வலிக்குது, கையக் குடு."

உடம்பே இளகிவிட்டது. துப்பாக்கியைத் தாழ்த்தி, மூடியின் வளையத்தைப் பிடிக்கக் குனிந்தாள்.

அடுப்புக்கு அடியிலிருந்து இருமல்.

"ஒண்ணுமில்லடி. எலிகூட இல்ல. முட்டி வலிக்குது, கையக் குடு."

அதே குரல். அதே அலுப்பு. அவள் கை வளையத்திலேயே நின்றது.

"ரெய்னோ?"

"என்னடி?" என்றன இரண்டும்.

இழுத்தாள். க்ளக்-ச்சக். குண்டு ஏறியது. யாரைச் சுடுவது? மூடியைக் குறிபார்த்தாள். குழாயை விலக்கினாள். அடுப்பைப் பார்த்தாள். எது அவன்? அடுப்படியிலிருந்து எதுவோ தவழ்ந்து வந்தது. கொக்கி உரசியது. மூடிக்கு அடியில் வந்து நின்றது. இப்போது இரண்டு மூச்சு. ஒன்றை ஒன்று முந்தாமல்.

"மூடியத் திற, குளுருது," என்றாள் யாரோ கீழே. ஹெல்மியின் குரலிலேயே.

மூடி தானாக எழும்பியது. ஒரு விரற்கடை. ஒரு சாண். விளிம்பின் இந்தப் பக்கம் ஒரு கை வந்து, உள்ளங்கை மேலாக விரிந்தது. கல்யாண மோதிரம் போட்ட இடது கை. அந்தப் பக்கம் இன்னொன்று வந்து விரிந்தது. அதிலும் அதே மோதிரம். அதுவும் இடது கை.

இரண்டும் அவள் கைக்காகக் காத்திருந்தன.