ஐந்தாவது ஜோடி

ரோந்து போய்த் திரும்பியவர்கள் நான்கு பேர். அடுப்பருகே காய்ந்துகொண்டிருந்த கம்பளி பூட்ஸோ ஐந்து ஜோடி.

சாதிர் மறுபடி எண்ணினான். அவனுடையது அவன் காலில்தான் இருந்தது. அலாய் மலைக் காவல்சாவடியில் வீரர்களின் கைகால் பனியில் கருகிப்போகாமல் பார்த்துக்கொள்ளும் மருத்துவ சார்ஜென்ட் அவன். இதில் அவனுக்குத் தப்பு வராது. மதியத்திலேயே இருட்டிக்கொண்டு வந்த பனிப்புயல் தகரக் கூரையைப் பிறாண்ட, உள்ளே வறட்டிப் புகையும் ஈரக் கம்பளியின் ஆட்டு வாடையும் மூச்சை அடைக்க, நான்கு ஜோடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாவதில் ஒட்டியிருந்த பனி மட்டும் உருகவே இல்லை. அதில் இடது பூட்ஸின் முனையில் சிவப்பு நூல் தையல். குபாத்தின் பூட்ஸ்.

பத்து நாளைக்கு முன் ரோந்துக்குப் போன குபாத் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கிளம்பும் முன் அவன் சாதிரிடம் தனியாக வந்து, கால் மரத்துப்போயிருப்பதாகச் சொன்னான். அப்படிச் சொன்னால் மருத்துவன் பூட்ஸைக் கழற்றி, அந்தக் கால்களைத் தன் வெறும் வயிற்றில் வைத்துச் சூடேற்ற வேண்டும்; அது அந்தச் சாவடியின் வழக்கம். சாதிருக்கோ எல்லாருமே டிமிக்கி கொடுப்பவர்கள்தான். நடிக்காதே என்று விரட்டிவிட்டான், பாவி. பிறகு கேப்டன் விசாரித்தபோது, கால் நன்றாகத்தான் இருந்தது, நானே தொட்டுப் பார்த்தேன் என்று கூசாமல் புளுகினான். உண்மை வெளியே வந்தால் சிறைதான்.

எவனுக்கோ தெரிந்திருக்கிறது. எவனோ ஆழம் பார்க்கிறான். ஜெங்கிஷாகத்தான் இருக்கும், குபாத்தின் கூட்டாளி, வாய்த்துடுக்கு வேறு.

"அந்த அஞ்சாவது பூட்ஸ எவன்டா கொண்டாந்து வெச்சது?"

"நாலுதானே இருக்கு? உப்பு டீ ஒரு கிண்ணம் குடிங்கண்ணே, கண்ணு தெளியும்," என்றான் ஜெங்கிஷ். மற்ற மூவரும் சிரிக்கவில்லை. அதுதான் சாதிருக்கு உறுத்தியது.

கால் பார்க்கும் நேரம். நால்வரும் மரமேடையில் கம்பளிக்குள் வரிசையாகப் படுத்துப் பாதங்களை வெளியே நீட்டினார்கள். சாதிர் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, ஓரக்கண்ணால் முகங்களை நோட்டம் விட்டபடி, கையால் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனான். சூடு. சூடு. ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பது.

இரும்பைத் தொட்டது போலிருந்தது.

"கால் மரத்துப்போச்சுண்ணே."

தாழ்ந்த குரல். கம்பளிக்குள்ளிருந்து. சாதிர் கம்பளியை வெடுக்கென்று உருவினான். நான்கு பேர். எட்டுக் கால். அவன் பிடியில் இன்னொன்று.

ஜெங்கிஷ் எழுந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் விளையாட்டே இல்லை.

"அண்ணே... காத்துல என்னத்தப் புடிச்சிட்டிருக்கீங்க?"

சாதிரின் கோட்டு தானாக விலகியது. சட்டை மேலே ஏறியது. இரண்டு பாதங்கள் வயிற்றில் பதிந்தன. பத்து விரல்கள். குளிர் உள்ளே இறங்கியது. இடுப்பு. தொடை. முழங்கால். தன் கால்விரல்களை அசைத்துப் பார்த்தான். அவை இருக்கும் இடமே தெரியவில்லை.

அடுப்பருகே, ஐந்தாவது ஜோடியிலிருந்து முதல் சொட்டு நீர் விழுந்தது.