விடுபட்ட கிளை

‘2071 ஆகஸ்ட் 12, புதன். இன்று வகுப்பில் ஒரு தவறு செய்தேன். எங்கள் குடும்பத்தின் குருதிமரத்தில் ஒரு கிளையை விட்டுவிட்டேன். மறதி என்று மேடத்திடம் சொன்னேன். மறதிதானா என்று எனக்கே தெரியவில்லை.’

எழுதியதைப் படித்துப் பார்த்த இதழினி, கடைசி வரியை அடிக்கலாமா என்று யோசித்து, விட்டுவிட்டாள்.

விருதுநகர் மாலைக் கல்லூரியில், மரபுநோய்ச் செய்தி உறவுகளைச் சென்றுசேர உதவும் கிளைத்தூதர் வேலைக்குப் படிக்கிறாள் அவள். அங்கே முதல் பாடமே சொந்த மரத்தை வரைவதுதான். ஒருவருக்குப் புற்றுநோய் தரும் மரபணுப் பிழை உறுதியானால், அவருடைய மரத்தில் இருக்கும் இரத்த உறவுகள் அனைவருக்கும் சோதனை, ஆண்டுதோறும் ஸ்கேன், தேவைப்பட்டால் முன்காப்பு அறுவை என எல்லாச் செலவையும் மக்கள் நலக் காப்பீடு ஏற்கும். மரத்தில் இல்லாதவருக்கு எதுவும் கிடையாது.

அன்று அவளுடைய திரையில், அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குறி: பிரசவம் மூன்று, கிளை இரண்டு. விடுபட்டவரின் பெயரைச் சொல்ல இயந்திரத்துக்கு அனுமதி இல்லை.

“ஒரு ஆளைக் காணோமேம்மா, எங்க ஒளிச்சு வெச்சிருக்க?” என்று பர்வீன் மேடம் கேட்டதும் வகுப்பே சிரித்தது. வீட்டில் எண்ணுகிறபடியே அவளும் எண்ணியிருந்தாள்: அம்மா, ரித்திக் மாமா. வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட மிருதுளா சித்தியை யாரும் எண்ணுவதில்லை.

அடுப்படியில் அம்மா தன்விகா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, சித்தியை மரத்துல ஏத்தணும்.”

“எந்தச் சித்தி?”

“எனக்கு எத்தனை சித்தி இருக்காங்க?”

தோசைக்கரண்டி நின்றது. “அவளைத்தான் தலைமுழுகியாச்சே.”

“தலைமுழுகினா இரத்தத்துல இருக்கறது போயிடுமா? உனக்கு வந்தது அவங்களுக்கும் வந்திருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு.”

“அப்ப நீயே போய்ச் சொல்லு. அதுக்குத்தானே படிக்கிற.”

“நான் சொல்ல முடியாதும்மா. எனக்குப் பிழை இல்லைன்னு வந்திருச்சே. பிழையைச் சுமக்கறவங்கதான் நேர்ல போய்ச் சொல்லணும். கேக்கறவங்க சம்மதிச்சாத்தான் கிளை ஏறும். அரசாங்கம் வாயைத் திறக்காது, அது சட்டம்.”

“மரத்துல பேரு ஏறினா மாமாவுக்குத் தெரிஞ்சிரும். நாம இருக்கறது அவன் வீடு. ஞாபகம் இருக்கா?”

இதழினிக்கு ஞாபகம் இருந்தது. அதனால்தான் வகுப்பிலிருந்து திரும்பும் வழியெல்லாம் இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் தப்பாகவே தொடங்கியிருந்தாள். ஆனாலும் கேட்டாள்.

“போன வருஷம் உனக்குக் கடுகளவு கட்டியா இருந்தப்பவே எடுத்தாங்க. சோதனைக்குப் போன்னு உன்கிட்ட வந்து சொன்னது யாரு?”

“உன் மாமாதான். அவனுக்குப் பிழைன்னு தெரிஞ்சதும்.”

“சொல்லாம இருந்திருந்தா?”

தோசை கருகியது. அம்மா அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். “அவளுக்கு ஒரு பொண்ணு இருக்குன்னு கேள்வி,” என்றாள்.

“அந்தப் பொண்ணுக்கும்தான்.”

“இருபது வருஷமா நல்லதுகெட்டதுக்குக் கூப்பிடல. முதல்முதலா வாசப்படி ஏறி, ‘உன் இரத்தத்துல நோய் இருக்கலாம்’னு சொல்லவாடி போகணும்? பிறந்த வீட்டுச் சீர் இதுதான்னு கதவைச் சாத்துவா.”

இதழினி பாடத்தில் படித்ததைச் சொன்னாள்: “ஆரம்பிக்க ஒரு வாசகம் சொல்லிக் குடுத்திருக்காங்க. ‘வணக்கம், நான் உங்கள் குருதிக்கிளையிலிருந்து வருகிறேன்.’”

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அக்கா வந்திருக்கேன்னு சொன்னா பத்தாதா?”

சொன்ன பிறகுதான், தான் போகவே தீர்மானித்துவிட்டது அம்மாவுக்கே உறைத்தது. “மாமாகிட்ட நானே சொல்லிக்கறேன். போயிட்டு வந்து,” என்றாள்.

இதழினி நாட்குறிப்பில் இன்னொரு வரி சேர்த்தாள்.

‘நாளை: காலை ரயிலில் அம்மாவுடன் சாத்தூர், சித்தி வீட்டுக்கு. பேசுவது அம்மா. நான் வாயைத் திறக்கக் கூடாது.’