தொங்கு குண்டு

சிகாகோவின் மேற்கு ஓரத்தில், ஓரினின் வீட்டு நிலவறைக்கு, பொத்தான் அழுத்திச் சிறு மட்டைகளால் பந்தைத் தட்டி ஆடும் பழைய பின்பால் இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை மதியம். கால்களைக் கழற்றிப் படிகளில் இறக்குவதற்குள் அவனுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அதை விற்ற விதவை இர்மா, வழியனுப்ப வந்தவள் போலக் கூடவே வந்திருந்தாள்.

“எதை வேணா மாத்திக்குங்க. உள்ள தொங்குற குண்டை மட்டும் கழட்டிடாதீங்க. என் வீட்டுக்காரர் கழட்டினார். அப்புறம் இதை விட்டு நகரவே இல்ல. வாயில சுருட்டோட, இது முன்னாடி நின்னபடியேதான் உசுரை விட்டார்.”

ஓரின் தலையாட்டினான். எல்லோருக்கும் தலையாட்டுவான், யார் பேச்சையும் கேட்கமாட்டான்.

இதெல்லாம் அவன் மனைவி டெல்மாவுக்காக. இளமையில் அவள் பின்பால் ஆட நின்றால் ஊரே கூடும். போன வருடம் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. ஒற்றைக் கையாலாவது அவள் ஆடட்டும் என்று ஓரின் வாரக்கணக்கில் உழைத்தான். ஆட்டப் பலகையின் அழுக்கைத் துடைத்தான், இற்றுப்போன ரப்பர் வளையங்களை மாற்றினான், கருகிய மின்தொடுப்புகளை அரத்தால் ராவினான், புது எஃகுப் பந்து போட்டான்.

ஆனால் டெல்மா சாய்ந்து நின்றாலே பெட்டி ஆடியது. உள்ளே தொங்கிய குண்டு தன்னைச் சுற்றியிருந்த உலோக வளையத்தில் உரச, ஆட்டம் செத்தது. பெட்டியை உலுக்கி ஏமாற்றுகிறவர்களுக்காக வைத்த காவல் அது.

“பாத்தியா, என்னைக் கண்டாலே அணைஞ்சுடுது” என்று சிரித்தாள்.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டில் வைத்து ஆடுகிற பலரும் செய்வதையே அவனும் செய்தான். குண்டைக் கழற்றி டப்பாவில் போட்டான்.

செயலிழந்த இடது கையை இடப்பக்கப் பொத்தான்மேல் தூக்கி வைத்துக்கொண்டு டெல்மா ஆடினாள். பெட்டியிலிருந்து பழைய சுருட்டு வாடை கிளம்பியது. வலப்பக்கப் பொத்தானை அழுத்தியதும் வலது மட்டை பந்தை அடித்தது.

இடது மட்டையும் அடித்தது.

“ஓரின்! என் விரல் அசையுதுடா!” அவள் அழுதாள். அவனும் அழுதான்.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. அவள் திரும்பவே இல்லை.

“போதும், வா.”

“கை வரமாட்டேங்குது” என்றாள் ரகசியக் குரலில்.

அவன் மின்கம்பியைப் பிடுங்கினான். விளக்குகள் அணைந்தன.

மட்டைகள் நிற்கவில்லை.

அவளுடைய இடது கையைப் பொத்தானிலிருந்து இழுத்தெடுக்க, அதன்மேல் தன் கையை வைத்தான். இரண்டு கைகளுக்கும் நடுவே சில்லென்று மூன்றாவது கை ஒன்று இருந்தது.

ஓரின் டப்பாவிலிருந்து குண்டை எடுத்தான். பெட்டியின் முன்கதவைத் திறந்து, தடுமாறித் தடுமாறிக் குண்டை மாட்டினான். குண்டு ஒருமுறை ஆடி வளையத்தைத் தொட்டது. எல்லாம் அடங்கியது. டெல்மாவின் கை துவண்டு விழுந்தது.

“ஏன்டா மாட்டினே? உசுரோட இருந்துச்சே…”

இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு சூப். மேசைமேல் கிடந்த அவளுடைய இடது ஆள்காட்டி விரல் விரிப்பை மெல்ல அழுத்தியது.

கீழே நிலவறையில் மட்டை அடித்தது.

“குண்டை மாட்டிட்டேனே, டெல்மா…”

அவள் வலது கையைத் திறந்தாள். குண்டு அதில் இருந்தது.

“நீ கைகழுவப் போனப்ப கழட்டிட்டேன். திட்டாத. உன் கையைக் குடு.”

வாதம் வந்த இந்த ஒரு வருடத்தில் முதல்முறையாக, இடது கையை அவளே நீட்டினாள். ஓரின் பிடித்துக்கொண்டான். அவள் விரல்கள் அவனை எட்டவே இல்லை. நடுவே அந்தக் குளிர்ந்த கை இருந்தது.

அது அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டது.