மாவுக்குக் காவல்

செல்வியின் தம்பி கதிரவனுக்கு நாலு வயது. அவனைப் பொறுத்தவரை, அம்மா என்பவர் போனுக்குள் இருப்பவர்.

தினமும் சாயங்காலம் நைனாவின் போன் பாடும். கதிர் ஓடிப்போய் எடுப்பான். திரையில் அம்மா சிரிப்பார். சில நாள் அவருக்குப் பின்னால் ஜன்னலில் பனி கொட்டும். ருமேனியா நாட்டில், பிரஷோவ் என்ற மலையூரில், ஒரு பேக்கரியில் அம்மாவுக்கு வேலை. அவர் விமானம் ஏறியபோது கதிர் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான்.

இப்போது அம்மா திருத்தணிக்கே திரும்பி வந்துவிட்டார். வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் கதிர் மட்டும் அவரிடம் போகவே இல்லை.

அம்மா பக்கத்தில் வந்தால் நைனாவின் லுங்கிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அம்மா கையை நீட்டினால் பக்கத்து வீட்டு வசந்தி அத்தையிடம் ஓடினான். நைனா கோயில் மலைக்கு ஆட்டோ ஓட்டப் போகும் நேரமெல்லாம் இத்தனை நாளும் அவனைப் பார்த்துக்கொண்டவர் அந்த அத்தைதான்.

'பையனை ருசியால் பிடித்துவிடலாம்' என்று அம்மா நினைத்தார்.

முதலில் சர்மாலே செய்தார். முட்டைக்கோஸ் இலையை வேகவைத்து, அதற்குள் அரிசியும் கொத்திய கோழிக்கறியும் வைத்து, விரல் நீளத்துக்குச் சுருட்டி, தக்காளிச் சாற்றில் அடுக்கி வேகவைக்கும் பலகாரம் அது.

"அங்க விசேஷம்னா இது இல்லாம இருக்காது. கோஸை உப்புத் தண்ணியில போட்டுப் புளிக்க வைப்பாங்க. நான் எலுமிச்சம்பழம் புழிஞ்சுட்டேன்," என்றார் அம்மா.

நைனா ஒன்றை வாயில் போட்டு மெதுவாக மென்றார். "நல்லாத்தான் இருக்குது. ஊறுகாய் இருக்குதா?"

கதிர் இலையைப் பிரித்து உள்ளே பார்த்தான். திரும்பவும் பத்திரமாகச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் மமலிகா. கொதிக்கிற தண்ணீரில் மக்காச்சோள மாவைக் கொட்டி, கெட்டியாகும்வரை கிளறி, தட்டில் கவிழ்த்து, மேலே தயிர் ஊற்றினார் அம்மா.

நைனா அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "பிரேமா, இது களி."

"இல்லீங்க. மமலிகா."

"பிளேன் ஏறிப் போயி களி கிண்டக் கத்துகினு வந்தியா?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நேரில் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று செல்வி நினைத்துக்கொண்டாள். கதிரும் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். உடனே அம்மா தட்டோடு அவனிடம் போனார்.

"கண்ணு, ஒரே ஒரு வாய்."

கதிர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அப்புறம் விரல்களை லேசாக விலக்கி, "நைனா, இவங்க எப்ப அவங்க ஊருக்குப் போவாங்க?" என்று கேட்டான்.

"இவங்கன்னா யாருடா? அம்மாடா அது."

"இல்ல. அம்மா போன்ல இருக்குது."

 அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் செல்வி குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது.

"அந்த பேக்கரிக்காரம்மா மறுபடியும் கூப்புடுறாங்க. ஞாயித்துக்கிழமை பதில் சொல்லணும்," என்றார் அம்மா.

"இனிமே போவ மாட்டேன்னு சொன்னியே?"

"ஆங், சொன்னேன். என்னைப் பாத்தா புள்ள பயந்துகினு ஓடுறான். நான் அங்க இருந்தா போன்லயாவது அம்மான்னு கூப்புடுவான்."

செல்வியின் கையில் பிரஷ் அப்படியே நின்றது. நுரை வழிந்து தாடையிலிருந்து சொட்டியது.

பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு அவளுக்கு ஒரு பாடமும் மண்டையில் ஏறவில்லை. அம்மா திரும்பவும் போய்விட்டால்?

சாயங்காலம் கதிரை அழைத்துவர வசந்தி அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை வாசலில் உட்கார்ந்து, கோயில் கடைகளுக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார். கதிர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கனகாம்பரத்தை ஒவ்வொன்றாக அவர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான்.

"வாடுனதைத் தள்ளாதேன்னு சொன்னனா இல்லியா?" என்று அத்தை தலையைத் தூக்காமலே அதட்டினார்.

"சரி சரி. இந்தா, நல்லது," என்றான் கதிர். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

செல்வி அங்கேயே நின்று பார்த்தாள். அத்தை அவனைக் கண்ணு, ராசா என்று கொஞ்சவில்லை. அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வேலையைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அம்மாவோ அவன் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் அவன் முகத்தையே பார்ப்பார், பரீட்சை ஹாலில் டீச்சர் பார்ப்பதுபோல. கதிர் ஓடாமல் என்ன செய்வான்?

அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா மைதா மாவைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு லீவுதானே? கொலாக் செய்யப் போறேன். பின்னல் மாதிரிப் பின்னி வளையமாச் சுடுற ரொட்டி. இதையாவது திங்கிறானா பாப்போம்."

"அம்மா, நீ அவனுக்குச் செஞ்சு குடுக்காத," என்றாள் செல்வி.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "உனக்கும் பிடிக்கலையா?"

"அதில்லம்மா. அவனுக்குத் தின்னக் குடுக்காத. வேலை குடு. அப்புறம், அவனைப் பாக்காத."

"பாக்காம எப்பிடிடி இருக்கிறது? இத்தினி நாளு போன்லயே பாத்துகினு இருந்தேன்."

"மாவைப் பாரும்மா."

அம்மா மெல்லத் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் சமையலறைத் தரையில் பெரிய தாம்பாளம் வந்து உட்கார்ந்தது. மைதா, வெதுவெதுப்பான பால், சர்க்கரை, முட்டை, வெண்ணெய், ஈஸ்ட், கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவல். எல்லாவற்றையும் கலந்து அம்மா ஓர் உருண்டையாகத் திரட்டினார்.

"இவ்ளோ மாவை யாரு குத்துறது? எனக்குக் கை வலிக்குதே," என்று செல்வி வாசல் பக்கம் கேட்கும்படி சொன்னாள்.

கதவோரம் ஒரு கண் தெரிந்தது. "குத்தணுமா?"

"ஆங். நல்லா ஓங்கிக் குத்தணும்," என்றாள் செல்வி.

"குத்துனா திட்ட மாட்டீங்களா?"

"குத்தலைன்னாதான் திட்டுவோம்."

கதிர் உள்ளே வந்தான். அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தான். அம்மா மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து மெதுவாக ஒரு குத்து விட்டான். கை மாவுக்குள் புதைந்தது. ரொம்பப் பிடித்துவிட்டது. டொம், டொம் என்று குத்தினான்.

"இந்தப் பக்கம் குத்து விழலியே," என்றார் அம்மா, மாவிடம் சொல்வதுபோல.

கதிர் இந்தப் பக்கம் நகர்ந்து குத்தினான். இப்போது அவன் முழங்கை அம்மாவின் கையில் இடித்துக்கொண்டிருந்தது. அவன் விலகவில்லை. அம்மாவும் அசையவில்லை.

பிறகு மாவை ஈரத்துணியால் மூடி வைத்தார்கள்.

"யாரும் தொறக்காம பாத்துக்கணும்," என்றார் அம்மா.

"நான் பாத்துக்கிறேன்," என்று கதிர் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்தான்.

பிரஷோவ் குளிரில் அடுப்பங்கரையில் வைத்தால்தான் மாவு உப்புமாம். திருத்தணி வெயிலுக்கு அது அவசரக்காரனாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் துணி மேலே எழும்ப ஆரம்பித்தது.

"அக்கா," என்று கதிர் கிசுகிசுத்தான், "உள்ள யாரோ எழுந்துகினு இருக்காங்க."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஈஸ்ட்டு மாவுக்குள்ள மூச்சு விடுது. அதான் உப்புது."

அதே நேரம் வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. கதிர் வாசலுக்கு ஓடி, உதட்டில் விரல் வைத்தான். "நைனா, சத்தம் போடாத. மாவு மூச்சு வுடுது." நைனா ஒன்றும் புரியாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தார்.

உப்பிய மாவை மூன்று கயிறாக உருட்டினார்கள். அம்மாவுடையது ஒரே சீராக இருந்தது. செல்வியுடையது சுமார். கதிருடையது எலியை விழுங்கிய பாம்புபோல நடுவில் தடித்திருந்தது. ஜடை பின்னுவதுபோல எப்படிப் பின்னுவது என்று செல்வி காட்டிக்கொடுத்தாள். கதிர் நாக்கைத் துருத்திக்கொண்டு பின்னினான். இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்கினான். ஒரு முனை மட்டும் கோணலாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பேக்கரியில் இருந்த பழக்கத்தில் அதைச் சரிசெய்ய அம்மாவின் விரல் தானாக நீண்டது.

"அம்மா, கை வைக்காத. அது என்னுது," என்றான் கதிர்.

சொன்னவன் தன் பாட்டுக்குக் கோணல் முனையைத் தட்டிக்கொண்டிருந்தான். நைனா செல்வியைப் பார்த்தார். செல்வி அம்மாவைப் பார்த்தாள். அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "சரிப்பா, வைக்கல," என்றார்.

அடுப்பில் பெரிய குண்டானை வைத்து, அடியில் மணல் பரப்பி, நன்றாகச் சூடேற்றி, ரொட்டித் தட்டை உள்ளே வைத்து மூடினார்கள். வெண்ணெய் வாசனை தெருவரை போயிற்று. வசந்தி அத்தை பூக்கூடையோடு வந்து நின்றார்.

கொலாக் ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் லேசாகக் கருகி வந்தது. கதிர் அதைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தான்.

நைனா சாப்பிட்டுக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டார். "பிரேமா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அந்தம்மாவுக்கு இன்னா பதில் சொல்லப் போற?"

"வரலைன்னு சொல்லிடுறேன்," என்றார் அம்மா. "எனக்கு இங்கியே வேலை கிடைச்சிருச்சு. மொதலாளிதான் கொஞ்சம் கோவக்காரரு."

முதலாளி அப்போது வாய் நிறைய ரொட்டியோடு அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தார்.